பஸ்ஸில் தொலையாத பாஸ்போர்ட்

அந்த ஏஜெண்டை நான் மன்னிக்கவில்லை. எல்லாம் சொல்லி முடிக்கையில் மனம் இளகிவிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் நர்ஸ். பிறந்த ஊர் போலகம். கல்யாணமாகி வந்தது திருமலைராயன்பட்டினம். கணவர் மின்துறையில் லைன்மேன். காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏழு வருடம் ஊசி போட்டு, கட்டுக் கட்டி, டாக்டர்களிடம் திட்டு வாங்கி அலுத்துப்போனபோது வளைகுடாவுக்குப் போகலாம் என்று தோன்றியது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார். அதில் பெரிய துணிச்சல் ஒன்றும் இல்லை.

ஏஜெண்டின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஒரு மாடியில் இருந்தது. நான் போய் உட்கார்ந்ததும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாஸ்போர்ட்டைத்தான் பார்த்தார். பக்கங்களைப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை போய்த் திரும்பி வந்தார்.

"ஈ.சி.ஆர். முத்திரை இல்ல. நல்ல பாஸ்போர்ட்டுங்க சிஸ்டர் இது" என்றார். நல்ல மாடு என்று சொல்வது போலச் சொன்னார். "ஒரிஜினலக் குடுத்துட்டுப் போங்க. விசா ஸ்டாம்பிங்குக்கு அனுப்பணும்."

கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்து மாதம் ஃபோன் பண்ணினேன். ஐந்து மாதமும் ஸ்டாம்பிங்கில் இருந்தது. ஆறாவது மாதம் நேரில் போய் நின்றதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கூரியரில் தொலைந்துவிட்டதாம். நான் கத்தினேன். அவர் கத்தவில்லை, டீ வரவழைத்தார்.

"புதுசு எடுத்துத் தர்றது என் பொறுப்பு. ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெயிண்ட் குடுத்தாப் போதும். ஆனா ஏஜெண்ட்கிட்ட குடுத்தேன்னு எழுதிடாதீங்க. விசாரணை, அது இதுன்னு உங்களத்தான் இழுப்பாங்க. நாகப்பட்டினத்துலேருந்து வர்ற பஸ்ல தொலைஞ்சிடுச்சுன்னு எழுதுங்க. ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

நான் படித்தவள். ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரையின் பெயரைத் தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுப்பவள். அப்படியிருந்தும் எழுதினேன். நாகப்பட்டினத்தில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது கைப்பை கிழிந்து பாஸ்போர்ட் விழுந்துவிட்டது என்று, கிழியாத கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதிய பாஸ்போர்ட் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், வழக்கப்படி, பழைய பாஸ்போர்ட்டின் எண்ணையும் அச்சடித்திருந்தார்கள். அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

அந்த ஏஜெண்ட் பக்கமே அதன்பிறகு போகவில்லை. பிள்ளை இல்லை, வேலை இருந்தது, மூன்று வருடம் ஓடியது. அந்த மூன்றாவது வருடத்தில்தான் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். கையில் ஒரு தாள். என் பெயரைப் படித்தார்.

"இந்தப் பேர்ல இங்க ஆள் இருக்காங்களா?"

"நாந்தாங்க."

"பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

அந்தச் சமயம் நான் வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நேர்காணல் முடித்து, விசாவுக்குக் காத்திருந்தேன். அதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதத்தில் விசா வந்தது. இந்த முறை ஏஜெண்ட் யாரும் இல்லை; ஆஸ்பத்திரியே நேராக எடுத்தது. விமானம் ஏறினேன், இறங்கினேன், ஹாஸ்டலில் கட்டில் கொடுத்தார்கள். மூன்றாம் நாள், அந்த நாட்டில் தங்குவதற்கான அடையாள அட்டைக்கு விரல் ரேகை எடுக்கக் கூட்டிப்போனார்கள். பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்தினேன். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பணியாளர் பிரிவு மேலாளர் என்னைக் கூப்பிட்டார். மேசைக்கு எதிரே உட்காரச் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். என் பெயரில், என் பிறந்த தேதியில், என் பழைய பாஸ்போர்ட் எண்ணில் ஒரு பெண் ஏற்கெனவே அந்த நாட்டில் பதிவாகியிருந்தாள். வீட்டு வேலைக்காரி. வேலை கொடுத்தவரை விட்டு ஓடிப்போனவள் என்று அவள் மேல் புகார் இருந்தது. விரல் ரேகை மட்டும் என்னுடையதோடு ஒத்துப்போகவில்லை. பெயர் ஒன்று, விரல்கள் வேறு. ஆகவே இருவரில் ஒருத்தி போலி. இப்போது எதிரே நிற்பவள் நான்தான்.

"முப்பது நாள் தருகிறோம். உங்கள் தூதரகத்தில் சரிசெய்துகொண்டு வாருங்கள். அதுவரை வார்டுக்குள் வரக்கூடாது" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

தூதரகத்தின் வாசலில் காலை ஆறரை மணிக்கே வரிசை நின்றது. என் முறை வந்தபோது பதினொன்றரை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் தமிழர். அது தெரிந்ததும் எனக்கு வந்த நிம்மதி, அவர் வாயைத் திறந்ததும் போய்விட்டது.

"பாஸ்போர்ட் எங்க தொலைச்சீங்க?"

ஏஜெண்ட், கூரியர் என்று நான் ஆரம்பித்தேன். அவர் கணினியில் எதையோ தட்டினார்.

"நாகப்பட்டினம் பஸ்ல தொலைஞ்சதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா. இப்ப ஏஜெண்ட்ங்கிறீங்க. எது பொய்?"

"எழுதினதுதான் பொய்."

"அப்ப இது உண்மைன்னு நான் எப்படி நம்புறது?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. என் பெயரை மறுபடி தட்டினார். திடீரென்று அவர் புருவம் ஏறியது. உள்ளே போய் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு வந்து கண்ணாடியில் சாய்த்துக் காட்டினார். அட்டையில் என் பெயர், என் அப்பா பெயர், என் வீட்டு விலாசம். புகைப்படத்தில் ஒரு ஒல்லியான பெண். கன்னத்தில் வரிசையாகத் தழும்பு.

"இவங்க ஏழு மாசமா எங்க ஷெல்டர்ல இருக்காங்க. எஜமான் வீட்டுலேருந்து ஓடி வந்தவங்க. கையில எந்தப் பேப்பரும் இல்ல. ஊருக்கு எழுதி வெரிஃபிகேஷன் கேட்டோம். இந்த விலாசத்துல ஆள் உண்டு, இந்தியர்தான், சரின்னு போலீஸ் பதில் வந்துச்சு. அவுட்பாஸ் அடிக்கிறதுதான் பாக்கி. அடுத்த வாரம் அனுப்பறதா இருந்தோம்."

அந்தப் பதிலில் இருந்த கையெழுத்து என்னுடையது. மோர் கொடுத்து நான் போட்டது.

அவுட்பாஸ் என்றால் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் ஒருமுறை ஊர் திரும்புவதற்கு மட்டும் தூதரகம் கொடுக்கும் தாள். என் பெயரில் அது அச்சாகி, என் பெயரில் அவள் நாடு கடத்தப்பட்டால், அந்தப் பெயருக்கு அந்த நாட்டின் கதவு நிரந்தரமாகச் சாத்திக்கொள்ளும். சுற்றியிருக்கும் மற்ற நாடுகளிலும் கேள்வி வரும்.

"நிறுத்துங்க. அதை நிறுத்துங்க சார்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "நான் ஒண்ணு சொல்லட்டுமா மேடம்? ஏழு மாசமாக் கஷ்டப்படுற பொண்ணு. போயிடட்டும். ஓடிப்போன கேஸும் அதோட முடிஞ்சிடும். நீங்களும் ஊருக்குப் போயிட்டு வேற நாட்டுல பாருங்க. நர்ஸுக்கா வேலை இல்ல?"

இவ்வளவு சுலபமாக ஒருவரின் பெயரைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிட முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் கண்ணாடியில் கையால் அடித்தேன். காவலாளி ஓடி வந்தான். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். நேரம் போகிறது அவர்களுக்கு. அவுட்பாஸை நிறுத்தி வைப்பதாக எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்தக் கண்ணாடியை விட்டு நகர்ந்தேன்.

மறுநாள் ஷெல்டருக்கு என்னை அனுப்பினார்கள். தூதரகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஜன்னல்களுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்த வீடு. நாற்பது பெண்களுக்கு மேல் இருப்பார்கள். வார்டன் வாசலில் நின்று என் பெயரைக் கூவினார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாய் வரை "என்னங்க" வந்துவிட்டது. அதற்குள் உள்ளேயிருந்து "வர்றேங்க" என்று ஒரு குரல்.

அவள் சமையல் கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். வந்தவளை உட்காரச் சொல்லாமல் கேட்டேன்.

"உன் பேரு என்ன?"

என் பெயரைச் சொன்னாள். கூசாமல், என் முகத்துக்கு நேராக.

"அது என் பேரு. உன் பேரு என்ன?"

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் இறுகியது.

"ஓ, நீங்கதானா அது" என்றாள். "திருமலைராயன்பட்டினந்தானே நீங்க? நான் பட்டினச்சேரி."

எங்கள் வீட்டிலிருந்து அவள் ஊருக்கு நடந்தே போய்விடலாம். மீன் வாங்க நான் போகும் இடம். கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்து, அடுத்த தெருக்காரி மாதிரி ஒருத்தியிடம் என் பெயரைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் கதையை அவள் வாயாலேயே கேட்டேன். இரக்கப்பட்டுக் கேட்கவில்லை, எழுத்தரிடம் சொல்வதற்காகக் கேட்டேன். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அப்போது இருபத்திரண்டு வயது. ஐந்தாவதுவரை படிப்பு. பத்தாவது தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். முத்திரை விழும், அந்த முத்திரையோடு முப்பது வயதுக்குள் இருக்கும் பெண்ணை வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்ப அரசாங்கம் அனுமதிக்காது. அவளுக்காகத்தான் ஏஜெண்ட் ஒரு நல்ல பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். முத்திரை இல்லாத, முப்பது வயது தாண்டிய ஒரு பெண்ணின் பாஸ்போர்ட். என் படத்தை எடுத்துவிட்டு அவள் படத்தை ஒட்டினார்கள். தலை மாற்றுவது என்று அதற்குப் பெயர். அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தபிறகுதான் எனக்குக் கூரியரில் தொலைந்தது.

"உனக்குத் தெரியாதா, இன்னொருத்தி பாஸ்போர்ட்டுன்னு?"

"தெரியும். செத்துப்போன பொம்பளையோடதுன்னு சொன்னாரு."

"செத்துப்போனவன்னா பரவாயில்லையா?"

"செத்தவங்களுக்கு என்னா நட்டம்?"

அறையலாம் போலிருந்தது. வார்டன் பக்கத்தில் இருந்தார்.

"உன் சொந்தப் பேரையும் ஊரையும் தூதரகத்துல எழுதிக் குடு. நான் கேக்குறது அவ்வளவுதான்."

"எழுதிக் குடுத்தா ஏர்போர்ட்டுலயே புடிச்சு ஜெயில்ல போடுவாங்க. இங்கேருக்கிற அக்காங்க சொல்லிட்டாங்க. அவுட்பாஸ் வரட்டும், நான் போயிடறேன். அதுக்கப்புறம் உங்க பேர நீங்களே வச்சுக்கங்க."

"அவுட்பாஸ் வராது. நிறுத்திட்டேன்."

அப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. மரியாதையும் போனது.

"ஏழு மாசம்! ஏழு மாசமா இந்த வீட்டுக்குள்ள அடஞ்சு கெடக்கேன். அடுத்த வாரம் ஃப்ளைட்டுன்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். நீ யாரு வந்து நிறுத்துறதுக்கு?"

"அந்த ஃப்ளைட்டுல போறது நான். என் பேரு."

"உன் பேரு உன் பேருங்கிறியே, அந்தப் பேரச் சொல்லித்தான் அந்த வீட்டுக்காரி என்னைக் கூப்புட்டு அடிப்பா. இஸ்திரிப் பெட்டியால அடிப்பா. அந்தப் பேரக் கேட்டாலே கையால கன்னத்தப் பொத்திக்குவேன். யாருக்கு வேணும் அது!"

கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். நான் நர்ஸ். அந்தத் தழும்புகள் எப்படி வந்திருக்கும், எத்தனை நாள் ஆறாமல் இருந்திருக்கும் என்று பார்த்தவுடனே எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மனம் இறங்கவில்லை. அந்த அடிக்கு நானா பொறுப்பு என்றுதான் தோன்றியது. வெளியே வரும்போது மற்றப் பெண்கள் வழி விடாமல் நின்றார்கள். ஒருத்தி தெலுங்கில் ஏதோ சொன்னாள். பொருள் தெரியாவிட்டாலும் வசவு என்பது தெரிந்தது.

அடுத்த பத்து நாட்களில் எனக்குத் தெரிந்த எல்லா எண்களுக்கும் ஃபோன் போட்டேன். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அரசாங்க உதவி என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த எண்களுக்கு. ஓர் இடத்தில் மாவட்டம் கேட்டார்கள். காரைக்கால் என்றேன். "அது எங்க மாநிலத்துல வராதுங்க" என்றார்கள். சுற்றி மூன்று பக்கமும் அவர்கள் மாநிலம்தான், ஒரு பக்கம் கடல் என்று சொன்னேன். வைத்துவிட்டார்கள். இன்னோர் இடத்தில், சம்பளம் தராத முதலாளி என்றால் ஒன்றை அழுத்தச் சொன்னது, உடலை ஊருக்குக் கொண்டுவருவது என்றால் இரண்டை அழுத்தச் சொன்னது. பெயரைப் பறிகொடுத்தவர்களுக்கு எண் எதுவும் வைத்திருக்கவில்லை. தூதரகத்தில் எழுத்தர் ஒரு வக்கீலின் பெயரைக் கொடுத்தார். இலவசம்தான். ஆனால் அந்த வக்கீல் ஷெல்டரில் இருப்பவர்களுக்காக மட்டும் வாதாடுபவர். அதாவது, அவளுக்கு. என் பெயரைத் திருடியவளுக்கு வக்கீலும் சாப்பாடும் படுக்கையும் இருந்தன. அசல் ஆளான எனக்கு வரிசையில் ஓர் இடம் மட்டும் இருந்தது. அவள் அடிபட்டவள், அவளுக்குத்தான் முதலில் வேண்டும் என்பதை இன்று எழுதும்போது என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது. அன்று முடியவில்லை.

ஊரில் என் கணவர் ஸ்டேஷனுக்குப் போனார். குற்றம் நடந்தது வெளிநாட்டில், இங்கே எப்படி எஃப்.ஐ.ஆர். போடுவது என்று கேட்டார்கள். பாஸ்போர்ட்டைக் கொடுத்தது இங்கேதான் என்றார். பழைய புகாரை எடுத்து வாசித்துக் காட்டினார்கள். நாகப்பட்டினம் பஸ், கிழிந்த கைப்பை. ஏஜெண்டின் கடைக்குப் போனார். ஏஜெண்ட் அவருக்கும் டீ சொன்னாராம்.

"உங்க வீட்டுல பஸ்லதான தொலைச்சாங்க? பாவம். அங்க இருக்கிறது அசலா டூப்பான்னு நல்லா விசாரிச்சுக்கங்க."

என் கணவர் கோபம் வராத மனிதர். மின்கம்பத்தில் ஏறுகிறவர்களுக்கு நிதானம் வேண்டும் என்பார். அன்றைக்கு அந்த டீயை மேசையில் இருந்த காகிதங்கள் மேல் கொட்டிவிட்டு இறங்கி வந்தார். அன்று மாலை எனக்கு ஃபோன் செய்து, "நீ கெளம்பி வந்துடு. ஒரு வேலையும் வேணாம்" என்றார்.

"நான் வந்தா அந்தப் பேரு அவளுக்குத்தான் போகும்."

"போனாப் போவுது."

"உங்களுக்கு என் பேரு வேணாமா?"

"சரி, பட்டினச்சேரிக்குப் போயிப் பாக்குறேன்" என்றார்.

போனார். புருஷன் விட்டுவிட்டு, வளைகுடாவுக்குப் போன பெண் என்று விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார். அவளுடைய அம்மாவும் அண்ணனும் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினான். தங்கை நல்ல இடத்தில், நல்ல சம்பளத்தில் இருப்பதாகத்தான் ஊருக்குள் சொல்லி வைத்திருந்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் கூடியதுதான் நல்லதாகப் போனது. மீனவக் கிராமத்தில் எந்த வழக்கானாலும் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. பஞ்சாயத்துப் பெரியவர்களான நாட்டார்கள் வந்து, யார் இவர், என்ன தகராறு என்று கேட்டார்கள். என் கணவர் என் இரண்டு பாஸ்போர்ட்களின் நகலையும், நான் ஷெல்டரில் எடுத்து அனுப்பிய அவள் படத்தையும் எடுத்து நீட்டினார்.

தழும்பு தெரியும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவள் அம்மா கீழே உட்கார்ந்தார்.

இரண்டு நாள் கழித்துப் பஞ்சாயத்து ஏஜெண்டை வரச் சொல்லி ஆள் அனுப்பியது. போலீஸுக்குப் பயப்படாதவர் பஞ்சாயத்துக்குப் பயந்து வந்தார். அவர் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கரையிலிருந்து போகிறவர்கள்தான். அவரிடம் யாரும் போகக்கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டால் தொழிலே நின்றுவிடும். என் கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். முதலில் மறுத்த ஏஜெண்ட், பெரிய நாட்டார் ஒருவர் எழுந்ததும், "ஒரு உதவின்னு நெனச்சுத்தாங்க செஞ்சேன். அந்தப் பொண்ணுக்கும் பொழப்பு வேணும்ல" என்றாராம். உதவி. அந்தச் சொல்லை என் கணவர் ஃபோனில் சொன்னபோது நான் ஹாஸ்டல் சுவரில் காலால் உதைத்தேன். நகம் பெயர்ந்தது.

அவளுடைய சொந்தப் பெயரில் வீட்டு ரேஷன் கார்டு இருந்தது, ஆதார் இருந்தது, பள்ளிக்கூடச் சான்றிதழ் இருந்தது. உண்மைப் பெயரைச் சொல்லாவிட்டால் பெண் ஊர் திரும்பவே முடியாது என்பதை நாட்டார்கள் அவள் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னார்கள். படத்தில் இருப்பது தன் மகள்தான் என்று அம்மா ஒரு தாளில் கைநாட்டு வைத்தார். எல்லாவற்றையும் படம் பிடித்து என் கணவர் எனக்கு அனுப்பினார். நான் அச்செடுத்துக்கொண்டு எழுத்தரின் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். இருபத்தாறாம் நாள் அது.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவரால் குறை சொல்ல முடியவில்லை. "பரவாயில்லையே மேடம், நாங்க செய்ய வேண்டிய வேலையெல்லாம் நீங்களே செஞ்சிட்டீங்க" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவளிடம் கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. நானும் கூடப் போயிருக்க வேண்டாம். போனேன். அந்தக் காகிதங்களில் தன் அம்மாவின் கைநாட்டைப் பார்த்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்டுக்கே ஆள் அனுப்பினியா?"

"ஆமா."

"ஊரக் கூட்டி, என் மூஞ்சியக் காட்டினியா?"

"ஆமா. வேற வழி நீ விட்டியா?"

"நாசமாப் போவ" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. பிறகு பேனாவை வாங்கி, தன் சொந்தப் பெயரை, ஒவ்வோர் எழுத்தாக, ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதினாள். மூன்று வருடமாக எழுதாத பெயர். இரண்டாவது எழுத்தில் தடுமாறி அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

அந்த நாட்டின் பதிவேட்டில் என் பெயரைத் திருத்த நான்கு மாதம் ஆனது. ஆஸ்பத்திரி முப்பது நாளுக்கு மேல் ஒரு நாள்கூடத் தரவில்லை. என் இடத்துக்கு வேறொரு நர்ஸ் வந்து, என் கட்டிலிலேயே படுத்தாள். எங்கள் தெருக்காரர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்து, பதிவு திருந்தியதும் நான் ஊர் திரும்பினேன். அவள் எனக்கு மூன்று வாரம் முன்னதாகவே, தன் பெயரில் வந்த அவுட்பாஸில், திரும்பியிருந்தாள். அவள் பயந்தபடியே சென்னையில் இறங்கியதும் பிடித்தார்கள். பதினெட்டு நாள் சிறையில் இருந்தாள்.

வழக்கில் நான் சாட்சி. அரசு வக்கீல், "இந்தப் பெண்ணை அடையாளம் காட்ட முடியுமா?" என்று கேட்டபோது கை நீட்டிக் காட்டினேன். அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். சிறையில் இருந்த நாட்களையே தண்டனையாக எடுத்துக்கொண்டு, அபராதம் விதித்து விட்டுவிட்டார்கள். வராந்தாவில் அவள் அம்மா என்னைக் கடந்து போகும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர் ஓரமாக நடந்தார். நான் கூப்பிடவில்லை.

ஏஜெண்ட் மேல் உள்ள வழக்கைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் ஜாமீன். பஞ்சாயத்தில் ஒப்புக்கொண்டது மிரட்டி வாங்கிய வாக்குமூலம் என்கிறார் அவருடைய வக்கீல். என்னைக் கூண்டில் ஏற்றி அவர் கேட்ட முதல் கேள்வி, "நாகப்பட்டினம் பஸ்ஸில் தொலைந்தது என்று எழுதியது உங்கள் கையெழுத்துதானே?" என்பது. ஆம் என்றேன். "அன்றைக்கு அரசாங்கத்திடம் பொய் சொன்னவர் இன்றைக்கு நீதிமன்றத்தில் உண்மை சொல்கிறீர்களா?" என்றார். வழக்கு நிற்கிறது. வாய்தாவுக்கு ஏஜெண்ட் வருவதில்லை. மருத்துவச் சான்றிதழ் மட்டும் வருகிறது. சர்க்கரையாம், முதுகுவலியாம்.

கடை மட்டும் திறந்திருக்கிறது. புதுப் பெயர், புதுப் பலகை, உள்ளே அதே நாற்காலிகள்.

நான் இப்போது மறுபடி காரைக்காலிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். மதிய ஷிஃப்ட் இருக்கும் வாரங்களில் ஒரு மணி நேரம் முன்னதாகவே பஸ் ஏறி, அந்த மாடிக்குப் போய், வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். யாராவது பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்தால் சத்தமாகச் சொல்வேன்: "ஜெராக்ஸ் மட்டும் குடுங்க. ஒரிஜினலக் கையில குடுக்காதீங்க. என்னோடது இவருகிட்டதான் காணாமப்போச்சு." சிலர் எழுந்து போய்விடுவார்கள். சிலர் என்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு கொடுத்துவிட்டும் போவார்கள்.

முதல் தடவை அவர் போலீஸைக் கூப்பிட்டார். வந்தவர் என் வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போன அதே ஆள் இல்லை, வேறொருவர். நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்கு என்ன பிரிவில் வழக்குப் போடுவது என்று ஏஜெண்டையே கேட்டுவிட்டுப் போனார்.

போன வாரமும் போயிருந்தேன். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் பையைத் திறக்கப் போனவள், நான் சொன்னதைக் கேட்டு மறுபடி ஜிப்பை மூடிக்கொண்டாள். ஏஜெண்ட் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார்.

"ஏங்க சிஸ்டர், உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"இருக்கு. ரெண்டு மணிக்கு ட்யூட்டி" என்றேன். "அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன். ஃபேனக் கொஞ்சம் கூட்டி வைங்க."